924 பைட்டுக்குள்ள ஒரு செஸ் ஆட்டம்!

இன்ஜினீயரிங் மக்களே, உங்க காலேஜ் மைக்ரோப்ராசஸர் லேபை ஒரு நிமிஷம் மனசுக்குள்ள கொண்டுவாங்க. நீள டேபிள். வரிசையா பெட்டி பெட்டியா 8085 கிட். மூடியைத் திறந்தா ஒரு போர்டு, ஹெக்ஸ் கீபேட், மேலே சிவப்பா மின்னுற ஆறு செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே. 4100-ல ப்ரோக்ராமை அடி, 4500-ல டேட்டாவைப் போடு, எக்ஸிக்யூட் பண்ணு, வந்த ரிசல்ட்டை அப்சர்வேஷன் நோட்ல எழுது, ஸ்டாஃப் கையெழுத்து வாங்கு. ரெண்டு எட்டு பிட் நம்பரைக் கூட்டுறதுக்கு முக்கால் மணி நேரம்! 'மொபைல்ல ஒரு செகண்ட்ல வர்ற விடைக்கு எதுக்கு இந்தக் கொடுமை?'னு கேட்காத ஆள் உண்டா?

ஆர்ட்ஸ் காலேஜ் மக்கள் கோவிச்சுக்காதீங்க. பழைய கால்குலேட்டரோட மேல்சட்டையைக் கழட்டிட்டா எப்படி இருக்கும்? அதுதான் இந்த கிட். மானிட்டர் கிடையாது, மவுஸ் கிடையாது. ஆறே ஆறு எண்கள் தெரியும், அவ்வளவுதான். இதுக்கு மேல டெக்னிக்கலா வரும்போது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், பயப்படாதீங்க.

மேட்டர் என்னன்னா, கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு போர்டுல, 1976-ல ஒருத்தர் முழு செஸ் ப்ரோக்ராமை ஓட்டிக் காட்டினார். மனுஷனோட எதிரே உட்கார்ந்து, யோசிச்சு, காய் நகர்த்துற ப்ரோக்ராம். பேரு 'மைக்ரோசெஸ்'. எழுதினவர் கனடாவின் டொரன்டோவில் இருந்த பீட்டர் ஜென்னிங்ஸ். ப்ரோக்ராமோட சைஸ் 924 பைட்.

இன்னொரு தடவை படிங்க. 924 கேபி இல்ல, எம்பி இல்ல. பைட்!

அது எவ்வளவு கம்மினு ஒரு கணக்கு சொல்றேன். யூனிகோட்ல, யூடிஎஃப்-8 முறையில ஒரு தமிழ்க் குறியைச் சேமிக்க 3 பைட் வேணும். 'கொ'னு எழுதினா அதுலயே ரெண்டு குறி. அப்போ 924 பைட்ல மொத்தமே 308 குறிதான் அடங்கும். இந்தக் கட்டுரையோட முதல் பத்தியை அதுக்குள்ள திணிச்சா பாதியிலேயே நிக்கும். காலங்காத்தால ஃபேமிலி குரூப்ல பெரியப்பா அனுப்புற குட்மார்னிங் ரோஜாப்பூ படம் இதைவிட நூறு மடங்காவது பெருசு.

அந்த போர்டோட பேரு கிம்-1. எம்.ஓ.எஸ். டெக்னாலஜிங்கிற அமெரிக்க கம்பெனி, தன்னோட 6502 சிப் எப்படி வேலை செய்யுதுன்னு இன்ஜினீயர்களுக்குக் காட்டுறதுக்காக விட்ட போர்டு. விலை 245 டாலர். அந்த 6502 சிப்பே ஒரு புரட்சிதான். மத்த கம்பெனிகள் ப்ராசஸருக்கு நூறு டாலருக்கு மேல கேட்டுட்டு இருந்த 1975-ல, சக் பெடில் தலைமையிலான டீம் அதை 25 டாலருக்கு வித்தது. அந்தக் குடும்பத்துச் சிப்தான் பின்னாடி ஆப்பிள் II-லயும், நிண்டெண்டோவோட கேம் கன்சோல்லயும் ஓடுச்சு. கிம்-1-ல அது செகண்டுக்கு பத்து லட்சம் கிளாக் துடிப்புல ஓடும். ரேம் 1,024 பைட், கூட துண்டு துண்டா ஒரு 128 பைட். ஆக 1,152. உங்க லேப் கிட்ல இருக்கிற ரேம் இதைவிடப் பல மடங்கு!

ஜென்னிங்ஸ் அந்த 128 பைட் துண்டையும் விட்டு வைக்கல. ப்ரோக்ராமோட ஒரு பகுதியை அங்கே கொண்டுபோய் ஒட்ட வெச்சிருக்கார். ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் பெட்டி வெச்ச பிறகு, கட்டிலுக்கு அடியில அஞ்சாவது ஆளோட பெட்டியைத் தள்ளுற மாதிரி.

இவ்வளவு நெருக்கடியில எதையாவது வெளியே போட்டுத்தானே ஆகணும்? போட்டார். கேஸ்லிங் கிடையாது. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனா ராணியாகிற சமாச்சாரம் கிடையாது. ஆன் பாஸான் கிடையாது. இந்த மூணும் இல்லைனு மேனுவல்லயே சொல்லிட்டுத்தான் வித்தார். எனக்கு இதைப் படிச்சதும் எங்க தாத்தா ஞாபகம்தான் வந்தது. தாத்தாவோட ஊர்ச் சதுரங்கத்துல கேஸ்லிங்கே கிடையாது. நான் ஸ்கூல்ல கத்துக்கிட்டு வந்து ராஜாவை ரெண்டு கட்டம் தாண்ட வெச்சதும், "இது என்ன அழுகுணி ஆட்டம்?"னு போர்டைக் கலைச்சிட்டார். அவரும் மைக்ரோசெஸ்ஸும் நல்ல ஜோடி.

சரி, ஸ்க்ரீனே இல்லாம எப்படி ஆடுறது? பக்கத்துல நிஜ செஸ் போர்டை வெச்சுக்கணும். கட்டங்களுக்கு வரிசை 0 முதல் 7, பத்தி 0 முதல் 7. 'சி' கீயை அடிச்சா ஆட்டம் ரெடி, டிஸ்ப்ளே முழுக்க சிசி சிசி சிசி. 'பிசி'ங்கிற கீயை அடிச்சா மெஷின் ஆடும். முதல் மூவ் இப்படி வரும்: 0எஃப் 13 33. அதாவது எஃப்ங்கிற காய் (ராஜாவுக்கு முன்னாடி நிக்கிற சிப்பாய்) 13-லிருந்து 33-க்குப் போகுது. நாம போர்டுல அந்தச் சிப்பாயை நகர்த்தி வெச்சுட்டு, நம்ம மூவை 6343-னு அடிச்சு, 'எஃப்' கீயைத் தட்டணும். மறுபடி 'பிசி'. மெஷின் யோசிக்கும்போது டிஸ்ப்ளே படபடன்னு கண் சிமிட்டும். பார்க்க நிஜமாவே மண்டையைச் சொறியுற மாதிரியே இருக்கும்!

யோசிக்கிற நேரத்துக்கு மூணு லெவல். ஒரு மூவுக்கு சுமார் 3 செகண்ட், 10 செகண்ட், இல்லைன்னா 100 செகண்ட். லெவல் மாத்த மெனு எல்லாம் கிடையாது. மெமரியில ரெண்டு மூணு பைட்டை நீங்களே மாத்திக்கணும்.

நீங்க தப்பாட்டம் ஆடினா? அது கண்டுக்காது. உங்க மூவ் செஸ் ரூல்படி சரியான்னு பார்க்கிறதுக்கெல்லாம் பைட் இல்லை. யானையைக் குறுக்கா நகர்த்தினாலும் வாங்கிக்கும். அதுலயே ஒரு வசதியும் இருக்கு. உங்களுக்கு கேஸ்லிங் பண்ணணுமா, ராஜாவை ஒரு தடவை, யானையை ஒரு தடவைனு தனித்தனியா நகர்த்திட்டு 'பிசி' அடிங்க. நம்பிக்கை அடிப்படையில நடக்கிற பெட்டிக்கடை கணக்கு மாதிரிதான்.

1976 டிசம்பர் 18-ம் தேதி முதல் பிரதி தபால்ல போச்சு. விலை பத்து டாலர். அந்தக் காசுக்கு வர்றது ஒரு மேனுவல், ஹெக்ஸ் எண்களோட பட்டியல், ப்ரோக்ராமோட முழு சோர்ஸ் லிஸ்டிங். வாங்கினவங்க உட்கார்ந்து ஒவ்வொரு பைட்டா அடிக்கணும். ரெண்டு இலக்கம், ஒரு பிளஸ் கீ. 924-ஐ மூணால பெருக்குங்க. 2,772 தட்டு! டேப்ல சேவ் பண்ணாம பவரை ஆஃப் பண்ணினா மறுபடி முதல்லேர்ந்து. லேப்ல கரன்ட் போனப்போ நாம விட்ட பெருமூச்செல்லாம் எந்த மூலை?

சக் பெடில் மொத்த உரிமைக்கும் ஆயிரம் டாலர் தர்றேன்னு கேட்டுப் பார்த்தார். ஜென்னிங்ஸ் கொடுக்கலை. கொடுக்காதது நல்லதாப் போச்சு. கமோடர் பெட், டிஆர்எஸ்-80, ஆப்பிள் II-ன்னு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வெர்ஷன் வந்து, 50,000 பிரதிகளைத் தாண்டிடுச்சு. வீட்டுக் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல அந்த எண்ணிக்கையை முதன்முதலா தொட்டது இதுதான்னு சொல்றாங்க. 1978-ல கமோடர் கம்பெனி 'செஸ்மேட்'னு தனி செஸ் மெஷினே விட்டது, உள்ளே ஜென்னிங்ஸோட ப்ரோக்ராம்.

இந்தக் காசு எங்கே போச்சு தெரியுமா? ஜென்னிங்ஸும் டான் ஃபில்ஸ்ட்ராவும் 'பர்சனல் சாஃப்ட்வேர்'னு ஒரு கம்பெனியா சேர்ந்தாங்க. அந்த நேரத்துல டான் பிரிக்லின், பாப் ஃப்ராங்க்ஸ்டன்னு ரெண்டு பேர், கட்டம் கட்டமா கணக்குப் போடுற ஒரு சாஃப்ட்வேரை எழுதிட்டு இருந்தாங்க. அதை முடிக்க மைக்ரோசெஸ் வருமானம் உதவுச்சு. 1979-ல வெளிவந்த அதோட பேரு விசிகால்க். உலகத்தின் முதல் பர்சனல் கம்ப்யூட்டர் ஸ்ப்ரெட்ஷீட், நம்ம எக்ஸலோட தாத்தா. பி.காம். மக்களே, இப்போ நீங்களும் கதைக்குள்ள வந்துட்டீங்க பாருங்க!

இதெல்லாம் வரலாறு. நான் சொல்ல வந்தது வேற.

என் சித்தி பையன் ஒருத்தன், இசிஇ மூணாவது வருஷம். செஸ்ல கில்லாடி, ஆன்லைன்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ப்ளிட்ஸ் ஆடுவான். நான் இசிஇ முடிச்சு, எம்பெடட் கம்பெனியில பல வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கிறவ. போன லீவுக்கு வீட்டுக்கு வந்தவன் மைக்ரோப்ராசஸர் ரெக்கார்டை வெச்சுக்கிட்டு உம்முனு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, ஒரு உண்மையைச் சொல்லு. நீ வேலைக்குப் போய் என்னைக்காவது ஒரு ஆப்கோடை கையால அடிச்சியா? இப்போ ஏஐகிட்ட கேட்டா மொத்த கோடையும் எழுதித் தருது. இதெல்லாம் எதுக்கு?"

பதில் சொல்லலாம்தான். ஃபவுண்டேஷன், பேசிக்ஸ், அது இதுன்னு. அதெல்லாம் அவன் ஸ்டாஃப் வாயாலயே ஐம்பது தடவை கேட்டிருப்பான். நான் லேப்டாப்பைத் திறந்து கிம்-1 எமுலேட்டரைக் காட்டினேன். மைக்ரோசெஸ் லிஸ்டிங்கை ஜென்னிங்ஸே இன்டர்நெட்ல போட்டு வெச்சிருக்கார். ஃபைலா லோட் பண்ணினா ஒரு செகண்ட். ஆனா நான் ஒரு வீக்எண்ட் முழுக்க உட்கார்ந்து, 1976 ஆள் மாதிரி ஒவ்வொரு பைட்டா அடிச்சு வெச்சிருந்தேன். ஏன்னு கேட்காதீங்க. சிலர் கோலம் போடுவாங்க, நான் இது.

"ஆடு பார்க்கலாம்"னேன்.

3 செகண்ட் லெவல். அவன் சிரிச்சுக்கிட்டே ஆடினான். ஆரம்ப மூவ்களை மெஷின் டக்டக்னு ஆடுச்சு, ஏன்னா முதல் சில மூவ்கள் ஒரு ஓப்பனிங் பட்டியல்லேர்ந்து வருது. 'ஜியோகோ பியானோ'ங்கிற இத்தாலியன் ஓப்பனிங். இவன் வேணும்னே பட்டியலுக்கு வெளியே ஒரு மூவ் போட்டான். அங்கேர்ந்துதான் அதோட சொந்த மூளை. இருபத்தி சொச்சம் மூவ்ல காலி. டிஸ்ப்ளேல எஃப்எஃப். அதாவது 'நான் அவுட்டு'.

ஜெயிச்சவன் எழுந்து போகலை. நடுவுல நடந்த ஒரு மூவ்லயே நின்னான். ஓரத்துச் சிப்பாய் முன்னாடி போயிருந்த கேப்ல, மெஷின் தன்னோட யானையை மூலையிலேர்ந்து வெளியே இழுத்துட்டு வந்து நடுவீதியில நிறுத்துச்சு. இவன் மந்திரியாலயும் குதிரையாலயும் அதை விரட்டி விரட்டியே ஆட்டத்தை முடிச்சிட்டான்.

"அக்கா, யானையை ஏன் வெளியே கொண்டு வந்துச்சு? அங்கே எந்தக் காரணமும் இல்லையே!"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துட்டு இருந்தேன். லிஸ்டிங்கை எடுத்து முன்னாடி வெச்சேன். "நீயே கண்டுபிடி. எல்லாமே இதுக்குள்ளதான் இருக்கு. வேற எங்கேயும் எதுவும் இல்ல."

ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்தோம். இனிமே கொஞ்சம் டெக்னிக்கல், கையைப் பிடிச்சுக்கோங்க.

முதல்ல அவனுக்கு ஒரு ஷாக். 64 கட்டம் இருக்கிற போர்டே உள்ளே கிடையாது! இருக்கிறது 32 பைட். மெஷினோட 16 காய், நம்மளோட 16 காய், ஒவ்வொண்ணும் எந்தக் கட்டத்துல நிக்குதுங்கிற அட்ரஸ் மட்டும். வெட்டுப்பட்ட காய்க்கு அட்ரஸ் இடத்துல சிசி. சிப்பாய் ராணியாகிறது ஏன் கஷ்டம்னு இப்போ புரியுதா? பட்டியல்ல ராணிக்கு இருக்கிறது ஒரே ஒரு இடம். பழைய ராணி உயிரோட இருக்கும்போது ரெண்டாவது ராணிக்கு உட்கார சேர் இல்லை.

அடுத்தது, காய் போர்டை விட்டு வெளியே போயிடுச்சான்னு எப்படித் தெரியும்? நாம எழுதினா, வரிசை 7-ஐத் தாண்டுதா, 0-க்குக் கீழே போகுதா, பத்தி தாண்டுதான்னு நாலு 'இஃப்' போடுவோம். ஜென்னிங்ஸ் போட்டது ஒரே ஒரு ஆண்ட். 88-ஓட ஆண்ட். உதாரணத்துக்கு, யானை 37-ல நிக்குது, வலப்பக்கம் ஒரு அடி. 38 ஆகுது. எட்டுங்கிறது பைனரியில 1000. எட்டாவது பத்தின்னு ஒண்ணு கிடையாது, அதனால அந்த பிட் எரிஞ்சாலே வெளியே போயிடுச்சுன்னு அர்த்தம். 30-லிருந்து இடப்பக்கம் ஒரு அடி வெச்சா 2எஃப். எஃப்-லயும் அதே பிட் எரியும். 77-லிருந்து மேலே போனா 87, இந்தத் தடவை முன் இலக்கத்துல எரியும். நாலு திசைக்கும், குதிரையோட எட்டுத் தாவலுக்கும் ஒரே செக்!

"ஏஎன்ஐ 88... 8085-ல ரெண்டே பைட்!"னு கத்தினான் பையன். சித்தி உள்ளேர்ந்து "மணி என்ன?"ன்னு கேட்டாங்க.

நான் இந்த ட்ரிக்கை முதல் தடவை பார்த்தப்போ எனக்கும் அப்படித்தான் இருந்தது. லேப்ல ஆண்ட் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்குப் பண்ணின எக்ஸ்பெரிமென்ட் 'மாஸ்க் த லோயர் நிபிள்'. எதுக்கு மாஸ்க் பண்றோம்னு யாரும் சொல்லலை, நாங்களும் கேட்கலை. ரிசல்ட் 4500-ல வந்துதா, கையெழுத்து வாங்கினோமா, கேன்டீனுக்குப் போனோமா.

அப்புறம் காய்களோட விலைப்பட்டியல். ராஜா 11, ராணி 10, யானை 6, மந்திரி 4, குதிரை 4, சிப்பாய் 2. மெஷின் ஒவ்வொரு மூவையும் தன் மெமரியில ஆடிப் பார்க்கும். அதுக்கு நாம என்ன பதில் சொல்லலாம்னு பார்க்கும். வெட்டு, பதில் வெட்டு, அதுக்கும் பதில் வெட்டுன்னு ஒரு சங்கிலி போனா அதையும் கொஞ்ச தூரம் பின்தொடரும். இத்தனைக்கும் மூவ் உண்டாக்குற ரொட்டீன் ஒண்ணே ஒண்ணுதான். இப்போ யோசிக்கிறது நானா, எதிராளியா, எத்தனாவது ஆழம்ங்கிறதை 'ஸ்டேட்'னு ஒரு நம்பர் சொல்லும். அதைப் பார்த்து வழி பிரிச்சு விடுற ரொட்டீனுக்கு ஜென்னிங்ஸ் வெச்ச பேரு 'ஜேனஸ்'. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு முகம் வெச்சிருக்கிற ரோமானியக் கடவுளோட பேரு. செம பொருத்தம்!

கடைசியா, அவன் தேடினது கிடைச்சது. 'ஸ்ட்ராட்டஜி'ங்கிற பகுதி. ஒரு மூவுக்குப் பிறகு எத்தனை இடத்துக்கு நகர முடியும், எதை வெட்ட முடியும், எதிராளி எதை வெட்டுவான், எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு ஒரு மார்க். முடிவுல ஒரு போனஸ். காய் 33, 34, 22, 25 ஆகிய கட்டங்கள்ல எதுக்காவது போகுதா? ரெண்டு மார்க் சேர்த்துக்கோ. இல்லையா, காய் ராஜாவா இல்லாம, கடைசி வரிசையிலேர்ந்து வெளியே வருதா? அதுக்கும் அதே ரெண்டு மார்க்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். குதிரையும் மந்திரியும் தூங்காம வெளியே வரணும்ங்கிறதுக்காக வெச்ச போனஸ் அது. 'யானைக்கு மட்டும் வேண்டாம்'னு சேர்க்க இன்னும் சில பைட் வேணும். அது இல்லை. அதனால வழி கிடைச்சா யானையும் வெளியே வரும். வெளியே வந்தா நகர நிறைய இடம், அதுக்கும் மார்க். பாவம், அதோட கணக்குல அது சரியாத்தான் ஆடியிருக்கு!

பையன் சும்மா இருப்பானா? அந்த 02-ங்கிற பைட்டை 00-னு மாத்தினான். அதே ஆட்டத்தைத் திரும்ப ஆடினான். இந்தத் தடவை யானை வரலை. ஆனா குதிரைகளும் சேர்ந்து மந்தமாயிடுச்சு, நடுக்கட்டத்தைப் பிடிக்கிற ஆர்வமும் போச்சு. ஏன்னா மூணு வேலைக்கும் சேர்த்து இருக்கிறது அந்த ஒரே ஒரு கூட்டல்தான். 01 போட்டுப் பார்த்தான், 04 போட்டுப் பார்த்தான். 04-ல எல்லாக் காயும் ஸ்கூல் பெல் அடிச்ச மாதிரி வெளியே ஓடி வந்துச்சு. மணி ஒண்ணரை. சித்தி லைட்டை அணைச்சிட்டாங்க.

அவன் மொபைல்ல இருக்கிற ஸ்டாக்ஃபிஷ், உலக சாம்பியனையே தூக்கிச் சாப்பிடும். அதுகிட்ட 'யானையை ஏன் நகர்த்தினே?'ன்னு கேளுங்க. 2020-லிருந்து அது ஒரு நியூரல் நெட்வொர்க்கை வெச்சு பொசிஷனை எடை போடுது. உள்ளே கோடிக்கணக்குல எண்கள். மார்க் எவ்வளவுன்னு சொல்லும். அந்த மார்க் எப்படி வந்துச்சுன்னு விரல் வெச்சுக் காட்ட, அதை உருவாக்கினவங்களாலயே முடியாது. அதுக்காக அது மட்டம்னு நான் சொல்ல வரலை. அது ஆடுற ஆட்டத்துக்கு மைக்ரோசெஸ் கால் தூசிக்குச் சமம். 1997-ல காஸ்பரோவைத் தோற்கடிச்ச டீப் ப்ளூ, செகண்டுக்கு 20 கோடி பொசிஷனைப் பார்த்துச்சு. அதுவே இன்னைக்குப் பழைய கதை.

மைக்ரோசெஸ்ஸோட ராஜ்ஜியமும் ரொம்ப நாள் நீடிக்கலை. 1978 மார்ச்ல அமெரிக்காவின் சான் ஹோசேயில் மைக்ரோகம்ப்யூட்டர்களுக்குன்னு ஒரு செஸ் போட்டி நடந்தது. ஜெயிச்சது 'சார்கான்'. டான், கேத் ஸ்ப்ராக்ளென்னு ஒரு கணவன் மனைவி எழுதினது. அஞ்சுக்கு அஞ்சு! அவங்களும் முழு கோடையும் புத்தகமாவே போட்டு வித்தாங்க. சைஸ்ல ஜென்னிங்ஸை மிஞ்சவும் ஆள் வந்தாங்க. 1982-ல டேவிட் ஹார்ன் 672 பைட்ல இசட்எக்ஸ்81-க்கு ஒரு செஸ் எழுதினார். 2015-ல 487 பைட்ல ஒண்ணு வந்தது. ஆனா இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே, 1952-ல, ஆலன் டூரிங் கம்ப்யூட்டரே இல்லாம, தான் எழுதின ரூல்களைப் பேப்பர்ல வெச்சுக் கையால கணக்குப் போட்டு, அலிக் க்ளெனிங்கிற சக ஆளோட ஒரு ஆட்டம் ஆடினார். தோத்துட்டார். அதாவது, அவர் பேப்பர் தோத்துடுச்சு.

எதுக்குன்னு கேட்டானே பையன், அதுக்கு நான் கடைசி வரைக்கும் பதில் சொல்லலை. அவனும் மறுபடி கேட்கலை. காலேஜ் திறந்ததும் மினி ப்ராஜெக்டுக்குப் பேர் கொடுத்தான்: '8085 கிட்டில் சதுரங்கம்'. கைடு "ஐஓடி ஏதாவது பண்ணக் கூடாதாப்பா?"ன்னு கேட்டிருக்கார். லேப் அட்டெண்டர் நாலரைக்கு மெயின் ஸ்விட்சை அணைச்சிடுறார். அணைச்சா ரேம் காலி, மறுநாள் முதல்லேர்ந்து அடிக்கணும். 6502-ல எக்ஸ் ரெஜிஸ்டரை வெச்சு பட்டியல்ல இருக்கிற காயை ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன்ல எடுக்கலாம். 8085-ல அந்த வசதி இல்லை. எச்எல் ஜோடியில அட்ரஸைக் கூட்டிக் கூட்டி எடுக்கணும், அதனால இவனோட கோடு ஜென்னிங்ஸோடதைவிட ஏற்கெனவே பெருசா வளர்ந்துட்டு இருக்கு. அதுல அவனுக்குத் தாங்க முடியாத கடுப்பு.

போன வாரம் சாயங்காலம் ஃபோன். பின்னாடி லேப் சத்தம்.

"அக்கா, யானை, மந்திரி எல்லாம் சரியா நகருது. குதிரை மட்டும் போர்டை விட்டு வெளியே குதிக்குது."

"குதிரைக்குத் தனி ரொட்டீன் எழுதியிருக்கியா?"

"ஆமா."

"அதுல 88-ஓட ஆண்ட் பண்றியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நாலு இருபத்தஞ்சு ஆச்சு, வைக்கிறேன்க்கா"ன்னு கட் பண்ணிட்டான்.